சின்னக் கல்லூரி என்றால் எவ்வளவு சின்னது?

தங்கை மகள் முதல் பி.யூ.சி., அதாவது பதினோராம் வகுப்பு, முடிக்கப் போகிறாள். இயற்பியல், வேதியியல், கணக்கு, உயிரியல் நான்கும் சேர்ந்த பி.சி.எம்.பி. பிரிவு. பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, எந்த கோச்சிங்கில் சேர்த்தால் இன்ஜினியரிங் நுழைவுத்தேர்வான சி.இ.டி.யில் ரேங்க் வரும், தனியார் கல்லூரிகளுக்கான காமெட்-கே எழுதலாமா என்று வீடே பேசிக்கொண்டிருந்தது. அவள் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, எனக்கு இன்ஜினியரிங் வேண்டாம். கணக்கு, இல்லேன்னா ஃபிசிக்ஸ். காலேஜ் சின்னதா இருக்கணும். ஐயாயிரம் பேர் இருக்கிற இடத்துல நான் தொலைஞ்சு போயிடுவேன்."

அவள் அப்பா காதில் விழுந்துவிட்டது. "பி.எஸ்ஸி. படிச்சா கடைசியில டியூஷன் வாத்தியார்தானே?" என்றார். பெங்களூர் அல்சூரில் இருபது வருஷமாக பி.யூ. பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவன் நான். என்னைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

சரி, பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டு எழுத ஆரம்பித்தேன். அது வளர்ந்து இப்படி ஆகிவிட்டது.

முதலில் அந்தச் 'சின்ன' என்ற சொல். நான் பி.எஸ்ஸி. படித்த கல்லூரி (பெயர் வேண்டாம்) தலைக்கணக்கில் சின்னதுதான். ஆனால் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ஆறு பேர். ஒருவன் பார்ப்பான், ஒருவன் எழுதுவான், மற்ற நால்வரும் கேன்டீனிலிருந்து வந்து ரெக்கார்டில் காப்பியடிப்போம். வெர்னியர் பார்க்க எனக்குக் கடைசிவரை ஒழுங்காக வரவில்லை. அதே கல்லூரியில் வகுப்பு முடிந்ததும் கணக்குப் பேராசிரியர் ஒருவர் ஒரு மணி நேரம் உட்காருவார். போகிறவர்கள் பதினொரு பேர். எங்கள் நோட்டை வாங்கிக்கொண்டு போய், வரிக்கு வரி சிவப்பு மையில் 'ஏன்?' என்று எழுதித் திருப்பித் தருவார். ஒரே கட்டடம்தான். மாடிக்கு ஏறினால் ஒரு கல்லூரி, கீழே இறங்கினால் வேறொரு கல்லூரி.

அதனால் நான் எண்ணுவது இரண்டைத்தான். நீ எழுதியதை எத்தனை பேர் உட்கார்ந்து படிப்பார்கள்? கருவியில் உன் கை எத்தனை முறை படும்?

மைசூர் ரோடு

கணக்கு மட்டும் போதும் என்கிற பிள்ளைக்கு இந்த ஊரில் நான் முதலில் காட்டுவது இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பெங்களூர் மையத்தை, அதாவது ஐ.எஸ்.ஐ.யை. 1931-ல் மகலனோபிஸ் கொல்கத்தாவில் தொடங்கியது. 1959-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, 2007-ல் கணக்கின் பெரிய பரிசான ஏபெல் பரிசு வாங்கிய எஸ்.ஆர்.எஸ். வரதன் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றது இதே கழகத்தின் கொல்கத்தா வளாகத்தில். கொல்கத்தாவில் புள்ளியியலுக்கான பி.ஸ்டேட். நடக்கிறது, பெங்களூரில் நடப்பது கணக்குக்கான பி.மேத். ஹானர்ஸ், மூன்று ஆண்டு.

கல்விக் கட்டணம் கிடையாது. மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. ஒழுங்காகப் படித்தால்தான் அது தொடரும். தங்கையின் வீட்டுக்காரர் இந்த இடத்தில்தான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். "படிக்கிறதுக்கு அவங்க காசு குடுக்கிறாங்களா?" ஆமாம்.

ஆனால் நுழைவதற்குள் உயிர் போய்விடும். தேர்வு வழக்கமாக மே மாதத்தில். ஒரு தாளில் 30 கேள்விகள், விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். இன்னொரு தாளில் எட்டே கணக்கு, இரண்டு மணி நேரம், முழு நிரூபணமும் எழுத வேண்டும். அதிலும் தேறினால் நேர்முகம். பி.யூ. போர்டில் நூற்றுக்கு நூறு வாங்கிய என் மாணவர்கள் சிலர் இந்த எட்டில் ஒன்றைக்கூட முடிக்காமல் எழுந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. போர்டு கேட்பது வேகத்தை. இங்கே கேட்பது ஒரே கேள்வியோடு முக்கால் மணி நேரம் சும்மா உட்காரும் பொறுமையை.

தங்கை மகளுக்கு ஒரு சின்ன சோதனை வைத்தேன். ஐந்து முழு எண்களை எடுத்துக்கொள், எதுவானாலும் சரி. அதில் ஏதோ மூன்றின் கூட்டுத்தொகை கட்டாயம் மூன்றால் வகுபடும். ஏன்? முதலில் எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். காபி ஆறியது. பிறகு, "மூணால வகுத்தா மீதி 0, 1, 2 தானே வரும்" என்றாள். மூன்று மீதியும் இருந்தால் ஒவ்வொன்றிலும் ஒன்று எடு, மீதிகளின் கூட்டு 3. இல்லையென்றால் இரண்டே வகை மீதிக்குள் ஐந்து எண்கள் அடைய வேண்டும், ஒரே மீதி மூன்று முறை வந்தே தீரும்; அந்த மூன்றை எடு. இருபத்தைந்து நிமிஷம் ஆனது. முடித்ததும் அவள் முகத்தைப் பார்த்தேன். மார்க் வாங்கிய முகம் இல்லை, வேறு முகம்.

ஐ.எஸ்.ஐ.யின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆண்டு மாணவர்கள் மொத்தமும் ஒரே வகுப்பறையில் அடங்கிவிடுவார்கள், ஆசிரியர்கள் எல்லோரும் ஆராய்ச்சி செய்கிற கணிதக்காரர்கள். அது பெரிய வரம். இயற்பியலும் கணினியும் பாடமாக உண்டு. ஆனால் இரண்டாம் ஆண்டில் "எனக்கு ஆய்வகம்தான் பிடிக்கிறது" என்று தோன்றினால் அந்த வளாகத்துக்குள் நகர்ந்து போக வேறு துறை இல்லை. பதினேழு வயதில் அவ்வளவு உறுதி எல்லாருக்கும் இருக்குமா?

பெரிய மரத்தடியில் ஒரு சின்னக் கல்லூரி

உறுதி இல்லாதவர்களுக்கு இதே ஊரில் இருக்கும் இந்திய அறிவியல் நிறுவனத்தின், அதாவது ஐ.ஐ.எஸ்ஸி.யின் பி.எஸ். படிப்பு. 1909-ல் டாடா முயற்சியில், மைசூர் அரசு தந்த 371 ஏக்கரில் எழுந்த நிறுவனம் அது. நூறாண்டுக்கு மேல் இளநிலை அறிவியல் மாணவர்களையே சேர்க்காமல் இருந்துவிட்டு 2011-ல்தான் நான்காண்டு பி.எஸ். தொடங்கினார்கள். அந்த வளாகத்தில் ஆராய்ச்சி மாணவர்கள்தான் கூட்டம். இளநிலைப் பிள்ளைகள் சிறு குழு. பெரிய இடத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்னக் கல்லூரி என்று இதைத்தான் சொல்வேன்.

முதல் மூன்று செமஸ்டர் எல்லோரும் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கையும் படிக்க வேண்டும். பிறகுதான் முதன்மைப் பாடம். நான்காம் ஆண்டில் சொந்த ஆராய்ச்சித் திட்டம். சேர்வதற்கு ஐ.ஐ.டி.களுக்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு ஒரு வழி. இன்னொரு வழி, ஐசர் என்கிற மத்திய அரசு அறிவியல் கல்லூரிகளுக்காக நடத்தும் ஐ.ஏ.டி. தேர்வு: மூன்று மணி நேரம், 60 கேள்விகள், நான்கு பாடத்துக்கும் தலா 15. பத்தாவதோடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டவர்கள் அந்தப் பதினைந்தில் தடுமாறுவார்கள். எங்கள் வீட்டுப் பெண் பி.சி.எம்.பி. எடுத்தபோது "டாக்டருக்கா?" என்று நக்கலடித்த சொந்தக்காரர்கள் இப்போது இதைக் கேட்க வேண்டும்.

கணக்குப் பைத்தியத்துக்கு அந்த மூன்று செமஸ்டர் எரிச்சலூட்டும். கணக்குக்கும் இயற்பியலுக்கும் நடுவே நிற்கிறவளுக்கு அது யோசிக்கக் கிடைத்த ஒன்றரை வருஷம். இவளுக்கு எது பொருத்தம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். கிடைக்குமா என்பது வேறு கேள்வி.

சர்ஜாபூர்ப் பக்கம்

அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். அல்சூரிலிருந்து அங்கே போகும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லிப் பயனில்லை, மணிக்கணக்கில்தான் சொல்ல வேண்டும், ஹாஸ்டல்தான் சரி. கணிதம், இயற்பியல், உயிரியல் மூன்றிலும் நான்காண்டு ஹானர்ஸ் உண்டு. தங்கள் சொந்த நுழைவுத்தேர்வும் நேர்முகமும் வைக்கிறார்கள். கட்டணம் நம்மைப் போன்றவர்களைப் பயமுறுத்தும் அளவு. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் குறைக்கிறார்கள் என்பதால், இணையத்தில் பார்த்த தொகையோடு முடிவெடுத்துவிடாமல் விண்ணப்பித்துப் பார்க்க வேண்டும். கணக்கு மாணவியும் சமூகம், எழுத்து என்று பொதுப் பாடங்களைப் படித்தாக வேண்டும். சிலருக்கு அது வீண்வேலை. எனக்கு அப்படித் தோன்றவில்லை, நிரூபணத்தைத் தெளிவாக எழுதத் தெரியாத கணக்குப் பிள்ளைகளை எவ்வளவோ பார்த்துவிட்டேன். இளநிலைப் படிப்பு 2015-ல்தான் தொடங்கியது என்பதால் மூத்தவர்கள் கூட்டம் இன்னும் இளசு. அவ்வளவுதான் என் தயக்கம்.

சென்னைக்கு அனுப்பலாமே, சிறுசேரியில் சி.எம்.ஐ. என்கிற கணிதக் கழகம் இருக்கிறதே என்று தங்கை கேட்டாள். சி.எஸ். சேஷாத்ரி 1989-ல் தொடங்கிய இடம், கணக்கும் கணினியும் சேர்ந்த பி.எஸ்ஸி., தனி நுழைவுத்தேர்வு. அருமையான இடம். கேட்டவளே அடுத்த நிமிஷம், "அவ்வளவு தூரம் வேண்டாம்ண்ணா" என்று பின்வாங்கிவிட்டாள்.

பஸ் பிடித்துப் போகும் கல்லூரி

மேலே சொன்ன எதுவும் கிடைக்காமல் போனால்? பெரும்பாலானவர்களுக்கு அதுதான் நடக்கும். ஊரில் பழைய கல்லூரிகளுக்குக் குறைவில்லை. 1882-ல் தொடங்கிய செயின்ட் ஜோசப்ஸ் 2022-ல் பல்கலைக்கழகமானது. 1921-லிருந்து வரும் அரசு அறிவியல் கல்லூரிதான் இன்றைய நிருபதுங்கா பல்கலைக்கழகம். பசவனகுடியில் நேஷனல் கல்லூரி. அரசு இடங்களில் கட்டணம் குறைவு. கர்நாடக அரசு பட்டப்படிப்பில் நான்காண்டுத் திட்டத்தை விட்டுவிட்டு 2024-ல் மூன்றாண்டுக்கே திரும்பியது. மூன்று பாடங்களைச் சமமாகப் படிக்கும் பழைய வழக்கமும் திரும்பிவிட்டது. கணக்கு ஆழம் குறையும், உண்மைதான். ஆனால் இயற்பியலும் கணக்கும் இரண்டுமே கையில் இருக்கும்.

இந்த வழியை நான் தாழ்வாக நினைக்காததற்குக் காரணம் இந்த ஊர். நேஷனல் கல்லூரியில் எச். நரசிம்மையா என்கிற இயற்பியல் பேராசிரியர் இருந்தார், பின்னாளில் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1962-ல் அவர் தொடங்கிய பெங்களூர் சயின்ஸ் ஃபோரம் கூட்டங்களில் பெரிய விஞ்ஞானிகள் வந்து பேசுவார்கள். யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். சௌடய்யா ரோட்டில் நேரு கோளரங்கம். குழந்தைகளுக்கு நட்சத்திரம் காட்டும் இடம் என்றுதான் நம்மவர்களுக்குத் தெரியும். அங்கேயே பி.எஸ்ஸி. மாணவர்களுக்கென்று ரீப் என்கிற இயற்பியல் வகுப்புகள் நடக்கின்றன. கல்லூரி தராத ஆழத்தை அங்கே தேடிக்கொள்ளலாம். கோரமங்கலாவில் வானியற்பியல் நிறுவனம். அதன் வேர் 1786-ல் சென்னையில் தொடங்கிய வானாய்வகம். கொடைக்கானல் வழியாக இங்கே வந்து சேர்ந்தது, நம்மில் பலரின் தாத்தாக்கள் மாதிரி.

இந்தியாவின் அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எந்தக் கல்லூரி மாணவியும் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு வேலை. விண்ணப்பம் வழக்கமாக ஆண்டுக் கடைசியில், எல்லோரும் செமஸ்டர் பரீட்சையில் மூழ்கியிருக்கும்போது வரும். தவறவிடுகிறவர்கள் அதனால்தான் தவறவிடுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் ஜாம் தேர்வு. அதில் தேறினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி., ஐ.ஐ.எஸ்ஸி.யிலேயே ஒருங்கிணைந்த பி.எச்டி. பன்னிரண்டாவதில் மூடிய கதவு மூன்று வருஷம் கழித்து இன்னொரு முறை திறக்கிறது.

ஒரே நிபந்தனை: இதையெல்லாம் கல்லூரி செய்து தராது. பிள்ளை தானே பஸ் பிடித்துப் போக வேண்டும். தானாகப் போகாத பிள்ளைக்கு இந்த வழி ஆகாது. அவர்களுக்குக் கடன் வாங்கியாவது ஹாஸ்டலோடு கூடிய இடம்தான் நல்லது என்பது என் கருத்து. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கல்லூரி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அட்மிஷன் கவுண்டரில் பளபள புத்தகம் தருவார்கள், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஆய்வகத்துக்குப் போங்கள். அங்கே இருக்கும் அட்டெண்டரிடம் பேச்சுக் கொடுங்கள். எந்த வாத்தியார் சாயங்காலம் ஆறு மணிக்கும் இருப்பார், எந்தக் கருவி பூட்டியே கிடக்கிறது, ஒரு மேசைக்கு எத்தனை பேர், எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் தமிழாக இருப்பதற்கும் வாய்ப்பு உண்டு.

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் அவளை அழைத்துக்கொண்டு மைசூர் ரோடு வரை போய்வந்தேன். அல்சூரில் ஏறினால் மெட்ரோவின் பர்ப்பிள் லைன் மாறாமல் அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். ஐ.எஸ்.ஐ. வாசலில் கொஞ்ச நேரம் நின்றோம். மரங்களும் அமைதியும், அவளுக்குப் பிடித்திருந்தது, ஆனால் எதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது மெஜஸ்டிக்கில் கூட்டம் நெரித்தது. கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாளோ என்று நினைத்தேன்.

"மாமா, ஏழு எண் குடுத்தா அதுல நாலோட கூட்டு நாலால வகுபடுமா?"

வகுபடும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. "ஏன் அப்படித் தோணுது?" என்றேன்.

"ரெண்டு ரெண்டா ஜோடி சேர்த்தா வரும் போல இருக்கு. கூட்டு இரட்டைப்படையா வர்ற ஜோடி. மூணு ஜோடி கிடைக்கும். அப்புறம் அதைப் பாதியாக்கி..." என்று நிறுத்திவிட்டு, என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டாள். எழுத இடமில்லாமல் உள்ளங்கையில் எழுத ஆரம்பித்தாள். அல்சூர் ஸ்டேஷன் போய்விட்டது. இந்திராநகரில் இறங்கித் திரும்பி வந்தோம்.