குடியை நிறுத்த முதல் கூட்டம்: சிங்கப்பூரில் எந்தக் குழுவுக்குச் செல்வது?

குடிப்பழக்கத்திலிருந்து மீள ஆதரவுக் குழுவை நாடும் தமிழருக்குச் சிங்கப்பூரில் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு. ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள், வீ கேர் போன்ற ஆலோசனை அமைப்புகளில் நடக்கும் ஸ்மார்ட் ரிக்கவரி கூட்டங்கள், தமிழ்நாட்டிலிருந்து இணையம்வழி நடக்கும் தமிழ் ஏஏ கூட்டங்கள் ஆகியவையே அவை. நான் முதலாவதைத் தேர்ந்தெடுத்து இன்றும் அதில் நீடிப்பவன் என்பதால், இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எந்தக் குழுவுக்கும் முன்னால் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை என்பதோடு நில்லாமல், முதல் இரண்டு நாள்களில் வலிப்பும் அதையடுத்துச் சித்தக் கலக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அத்தகையவர் முதலில் பலதுறை மருந்தகத்துக்கோ, புவாங்கோக்கில் மனநலக் கழகத்தின்கீழ் இயங்கும் நாம்ஸ் என்ற போதைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவுக்கோ செல்ல வேண்டும். வலிப்பு கண்டால் உடனே 995-ஐ அழைக்க வேண்டும்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏஏவில் கட்டணமே கிடையாது. கூட்டத்தின் நடுவே காசுப் பை கைமாறி வரும்போது புதியவர் அதை அடுத்தவரிடம் கொடுத்துவிடலாம். அணுகுமுறையில்தான் வேறுபாடு இருக்கிறது. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய ஏஏ, குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகளையும், அவரவர் புரிந்துகொண்டபடியான ஒரு மேலான சக்தியையும் முன்வைக்கிறது. ஸ்மார்ட் ரிக்கவரியில் கடவுள் பேச்சே இல்லை. பயிற்சி பெற்ற ஒருவர் வழிநடத்த, குடிப்பதால் கிடைப்பது எது, இழப்பது எது என்று தாளில் எழுதிப் பார்த்து, எண்ணங்களை மாற்றும் பயிற்சிகளைச் செய்கிறார்கள். ஏஏ கூட்டங்கள் சில தேவாலய வளாகங்களில் நடப்பதால் மதமாற்றம் குறித்து அஞ்சுவோரும் உண்டு. அங்கே வாடகைக்கு எடுப்பது அறையை மட்டுமே. என்னுடன் அமர்பவர்களில் முருக பக்தரும் இருக்கிறார், தொழுகை தவறாதவரும் இருக்கிறார்.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவுமல்ல. ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடைப்பட்ட மாலைப் பொழுதுகள்தாம். 2015-இல் நடப்புக்கு வந்த மதுபானக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி இரவு 10.30 மணிக்கு மேல் கடையில் மது வாங்கிச் செல்ல முடியாது, பொது இடத்தில் குடிக்கவும் முடியாது. ஆகவே, வேலை முடிந்து ரயிலைவிட்டு இறங்கும் நேரத்திலிருந்து அந்த 10.30 வரை நீளும் நான்கு மணி நேரம்தான் என்னைப் போன்றவருக்குக் கண்டம். புளோக்கின் கீழே காப்பிக்கடை மேசைகளில் பெரிய பீர் போத்தல்கள், ஐஸ் வாளி, கையசைக்கும் தெரிந்த முகங்கள். மின்தூக்கிக்குப் போக அத்தனையையும் கடந்தாக வேண்டும். வாரம் ஒருமுறை நடக்கும் கூட்டம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், மற்ற ஆறு மாலைகளும் நம்மிடமே விடப்படுகின்றன. ஏஏ கூட்டங்களோ தீவின் பல இடங்களில் வாரம் முழுவதும் நடக்கின்றன. செவ்வாய்க்கிழமை மனம் தடுமாறினால் செவ்வாய்க்கிழமையே சென்று உட்காரலாம். போதாததற்குத் தொலைபேசி எண்களும் கிடைக்கும். முதல் நாள் கூட்டம் கலைந்ததும், பெரியவர் ஒருவர் துண்டுத்தாளின் பின்பக்கம் தம் எண்ணை எழுதிக் கொடுத்து, "தம்பி, குடிச்ச பிறகு இல்ல, குடிக்கணும்னு தோணும்போதே கூப்பிடுங்க" என்றார். அந்த எண்ணை நான் பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன்.

இன்னொன்றும் என்னை அங்கேயே இருக்கவைத்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, பேசி முடித்த பின் யோசனை சொல்வதுமில்லை. மாமாவில் தொடங்கி மைத்துனர்வரை ஆளாளுக்குப் புத்தி சொல்லி ஓய்ந்துபோன ஒருவருக்கு, யாரும் புத்தி சொல்லாத அறை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அங்கேதான் உணர்ந்தேன். ஸ்மார்ட் கூட்டத்தில் உரையாடலும் கருத்துப் பரிமாற்றமும் உண்டு. காரண காரியம் கேட்டுத் தெளிய விரும்புபவருக்கு அதுவே பொருந்தலாம். அங்கே நான் சில முறை மட்டுமே சென்றிருப்பதால், நீண்ட காலம் இருந்தவரின் சொல்லுக்கே கூடுதல் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

மொழியைப் பொறுத்தவரை, நான் செல்லும் கூட்டங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. மனத்திலிருப்பதைத் தமிழில்தான் சொல்ல முடியும் என்பவருக்கும், விடுதியிலிருந்து வெளியே வர இயலாத ஊழியருக்கும் இணையவழித் தமிழ்க் கூட்டம் பெரும் உதவி. சென்னையில் இரவு 7 மணிக்குத் தொடங்கினால் இங்கே 9.30 என்பதால், மாலையின் பெரும்பகுதியைத் தனியாகக் கடந்த பிறகே அது வந்து சேரும். அதனால்தான் எனக்கு அது துணையாக மட்டுமே நின்றது.

செல்வதற்கு முன் அட்டவணையில் அது திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புபவருக்கு மட்டுமே உரியது. திறந்த கூட்டத்துக்கு மனைவியோ அண்ணனோ உடன் வரலாம். எதிலும் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. பெயரைச் சொல்லி, இன்று கேட்க வந்தேன் என்றால் போதும். குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற குழு தனியாக இயங்குகிறது. குடிப்பவர் இன்னும் மனம் மாறவில்லை என்றாலும் அவர்கள் அங்கே செல்லலாம்.