சைனாடவுன்ல வாங்குன சீன ராசி கார்டு செட் எப்படி இருக்கு?

சிங்கப்பூர் சைனாடவுன்ல ஒரு சின்ன கடையில பசங்களுக்காக வாங்குனது, அட்டை நல்ல கெட்டி, எலில ஆரம்பிச்சு பன்னி வரைக்கும் 12 படமும் சூப்பர். நம்ம ராசி மாதிரி நட்சத்திரமெல்லாம் பாக்க வேணாம், வருஷத்துக்கு ஒரு மிருகம், அவ்ளோதான். ஆனா பின்னாடி டேபிள்ல ஜனவரி 1லயே மிருகம் மாறுற மாதிரி போட்டிருக்கான், தப்புங்க, சீனப் புத்தாண்டு அன்னைக்குதான் மாறும், 1990ல அது ஜனவரி 27, அப்போ ஜனவரி 20ல பொறந்தவங்க பாம்புதான், கார்டு குதிரைங்குது! மரம், நெருப்பு, மண், உலோகம், தண்ணினு அஞ்சு மூலகமும் இந்த 12 மிருகத்தோட சேந்துதான் 60 வருஷ சுற்று (நம்ம பிரபவ, விபவ மாதிரியே), அதப்பத்தி ஒரு வரி கூட இல்ல, 2026 ஏன் நெருப்புக் குதிரைன்னு புள்ளைங்க கேட்டா நாமதான் சொல்லணும். சின்னப் பசங்களுக்கு ஓகே, பெரியவங்க வேற பாருங்க.