சப்ஸ்பேஸா டாப்ஸ்பேஸா: நான் ஏன் பாட்டம் பக்கமே நின்னுட்டேன்

பி.டி.எஸ்.எம்.ல, அதாவது சம்மதத்தோட ஒருத்தர் நடத்த இன்னொருத்தர் அடங்கற விளையாட்டுல, நடத்தறவர் டாப், அடங்கறவர் பாட்டம்; அப்ப டாப்புக்கு வர்ற மனநிலை டாப்ஸ்பேஸ், பாட்டமுக்கு வர்றது சப்ஸ்பேஸ். இந்த ரெண்டு ரோலும் பண்ணிப் பார்த்துட்டு கடைசியில பாட்டமாவே இருந்துக்கறேன்னு முடிவு பண்ணவங்கள்ல நானும் ஒரு ஆள், அதனால இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும். வயசு வந்தவங்க, முழு சம்மதம், சேஃப்வேர்டு (சொன்னா உடனே நிறுத்தணும்னு முன்னாடியே பேசி வெச்ச வார்த்தை), இதெல்லாம் இல்லன்னா பேச்சே கிடையாது, அதைப் பத்தி நீட்டி எழுதல.

டாப் பண்ணும்போது வர்றது ஃப்ளோன்னு சொல்ற நிலை. உளவியலாளர் சிக்சென்ட்மிஹாயி விவரிச்ச அதே சமாச்சாரம்தான், கவனம் மொத்தமும் எதிர்ல இருக்கறவங்க மூச்சு, தோள் இறுக்கம், குரல் மேல இருக்கும், நேரம் போறது தெரியாது, ஆனா மூளை பளிச்னு முழிச்சிருக்கும். நல்லாதான் இருந்துச்சு. நான் டாப் பண்ணது கம்மிதான், வருஷக்கணக்கா பண்றவங்க இன்னும் ஆழமா சொல்லுவாங்க.

சப்ஸ்பேஸ் வேற ரகம். தலைக்குள்ள ஓயாம பேசிட்டே இருக்கற குரல் நின்னுடும், நாளைக்கு என்ன வேலை, நான் எப்படித் தெரியறேன், எதுவும் இருக்காது. உளவியலாளர் ராய் பாமைஸ்டர் 1988லயே இதை 'தன்கிட்ட இருந்தே தப்பிக்கறது'ன்னு விளக்கினார். மூளை ஆய்வாளர் ஆர்ன் டீட்ரிக்கோட கருதுகோள்படி நெத்திக்குப் பின்னாடி இருக்கற மூளைப் பகுதியோட வேலை தற்காலிகமா குறையுது, நேர உணர்வு மங்கறது, தன்னை மறக்கறது எல்லாம் அதனாலதான். எல்லாரும் எண்டார்ஃபின் (உடம்பே சுரக்கற வலிநிவாரணி)னு ஒரே வார்த்தையில முடிச்சிடறாங்க, ஆனா 2020ல வந்த ஒரு பெல்ஜியம் ஆய்வுல சப்மிஸிவ்களுக்கு, அதாவது அடங்கற பக்கம் இருக்கறவங்களுக்கு, கார்ட்டிசாலும் (ஸ்ட்ரெஸ் ஹார்மோன்) எண்டோகன்னாபினாய்டும் (சுகத்தோட தொடர்புள்ள, உடம்பே சுரக்கற பொருள்) ஏறினதைப் பார்த்திருக்காங்க, அதாவது உடம்பு ஸ்ட்ரெஸ்ல இருக்கு, ஆளு நிம்மதியா இருக்காங்க. எனக்கு இந்த முரண்தான் ரொம்பப் பிடிச்சது.

இப்ப முக்கியமான விஷயம், முடிவெடுக்கற திறன். உளவியலாளர் பிராட் சகாரின் குழு 2017ல வெளியிட்ட ஆய்வுல 14 பேரை ஏழு ஜோடியாக்கி யார் டாப் யார் பாட்டம்னு குலுக்கல் மாதிரி பிரிச்சு, கவனத்தையும் மனக்கட்டுப்பாட்டையும் அளக்கற ஸ்ட்ரூப் டெஸ்ட் வெச்சாங்க, 'சிவப்பு'ன்னு நீல மைல எழுதியிருந்தா மையோட நிறத்தைச் சொல்லணும். பாட்டம்களோட ஸ்கோர் விழுந்துச்சு, டாப்கள் சொன்னது ஃப்ளோவோட ஒத்துப்போச்சு. சின்ன ஆய்வு, முதல்கட்ட முயற்சின்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க, ஆனா என் அனுபவத்தோட அப்படியே பொருந்துது. அந்த நிலையில என்கிட்ட எதைக் கேட்டாலும் ம்ம்னுதான் வரும். மங்கறதுதான் சுகம், அதேதான் ஆபத்தும். சேஃப்வேர்டை நம்பி இறங்கறோம், ஆனா ஆழத்துல அந்த வார்த்தையே ஞாபகத்துக்கு வராம போகலாம், அதனால நான் கையில ஒரு பொருளைப் பிடிச்சிருப்பேன், விட்டா நிறுத்தணும். சீன் (ஒரு தடவை நடக்கற விளையாட்டு) நடுவுல புதுசா எதையும் சேர்க்கக்கூடாது, எவ்வளவு ஆசையா தலையாட்டினாலும் அப்ப வர்ற சரியை சம்மதமா எடுத்துக்கக்கூடாது. என்னென்ன பண்ணலாம்ங்கற பட்டியலை முன்னாடியே பேசி முடிச்சிருக்கணும்.

டிராப், அதாவது சீன் முடிஞ்சப்பறம் மனசும் உடம்பும் சோர்ந்து போறது, ரெண்டு பக்கமும் உண்டு. பாட்டமுக்கு போர்வை, தண்ணி, மறுநாள் ஒரு மெசேஜ்னு ஆஃப்டர்கேர் (பின்னாடி கவனிச்சுக்கறது) கிடைக்கும், டாப்பை யாரும் கேக்கறதில்ல, அதை நான் சரின்னு சொல்ல மாட்டேன், என் டாப்கிட்ட மறுநாள் நான் கேட்டுடுவேன்.

பேசின பட்டியலைத் தாண்டாத ஆள் கூட இருந்தா பாட்டம் பக்கம் போங்க. அந்த நம்பிக்கை இன்னும் வரலன்னா டாப் பண்ணிப் பாருங்க, இல்ல பாட்டமாவே லேசான சீனோட நிறுத்திக்கோங்க.