ஜார்ஜ் ஃபோர்மன் கிரில்: ஒரு ஹெவிவெயிட் சாம்பியனின் பெயர் தாங்கிய அடுப்பு

என் சமையலறை மேடையில் நெடுநாளாக ஒரு சிறிய மின்சாரக் கிரில் இருக்கிறது. அதன் மூடியின் மேல் ஒரு மனிதரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு முறையல்ல, இரு முறை உலக ஹெவிவெயிட் (மிகு எடைப் பிரிவு) குத்துச்சண்டைப் பட்டத்தை வென்றவர் என்பதையும், அந்த இரு வெற்றிகளுக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி இருந்தது என்பதையும் கிரிலை வாங்கிய பிறகுதான் நான் விரிவாகப் படித்தேன். படித்த பிறகு, அந்த மனிதரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கருவியைப் பற்றி மட்டும் எழுதுவது சரியாகாது என்று தோன்றியது. இந்தக் கருவி பத்துக் கோடிக்கும் மேல் விற்றதற்கு அதன் வடிவமைப்பைவிட அவருடைய வாழ்க்கையே பெரிய காரணம் என்று நம்புகிறேன்.

முதலில் கருவி. கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு சூடேறும் தகடுகள். இரண்டிலும் வரிவரியாக மேடும் பள்ளமும். அவற்றின் மேல் நான்-ஸ்டிக் பூச்சு. பின்புறக் கீல் இறுக்கமாகப் பொருத்தப்படாமல் சற்று ஏறி இறங்குவதால், உள்ளே வைக்கும் துண்டின் கனத்துக்கு ஏற்ப மேல் தகடு தானாகப் படிந்துகொள்கிறது. கருவி முழுவதும் முன்பக்கமாகச் சரிந்திருக்கிறது. இந்தச் சரிவுதான் இதன் உயிர். தட்டையாகத் தட்டிய கொத்துக்கறியை வைத்து மூடினால், முதல் நிமிடத்தில் மெல்லிய சீறல் மட்டும் கேட்கும். அடுத்து, உருகிய கொழுப்பு பள்ளங்களின் வழியே முத்து முத்தாக இறங்கி, முன்னால் வைத்திருக்கும் பிளாஸ்டிக் தட்டில் சொட்டத் தொடங்கும். சாப்பிட்டு முடித்துத் திரும்பி வரும்போது அது மெழுகைப் போல வெளுத்து உறைந்திருக்கும். இவ்வளவும் நம் வயிற்றுக்குள் போயிருக்கும் என்பதைக் கண்ணெதிரே காட்டிவிடுகிற இதைவிட வலுவான விளம்பரம் வேறு இருக்க முடியாது.

இந்தச் சாய்வான கிரிலை உருவாக்கியவர் மைக்கேல் போம் என்பவர். ஃபோர்மன் இதைக் கண்டுபிடிக்கவில்லை. சால்டன் என்ற அமெரிக்க நிறுவனம் 1990களின் நடுவில் இதற்கு ஃபோர்மனின் பெயரைச் சூட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மாதிரிக்கு வந்த கருவியைத் தான் கவனிக்காமல் விட்டுவிட்டதாகவும், தன் மனைவி அதில் சமைத்துப் பார்த்துச் சொன்ன பிறகே ஒப்புக்கொண்டதாகவும் ஃபோர்மன் சொல்லியிருக்கிறார். அப்படியானால் ஏன் ஒரு குத்துச்சண்டை வீரர்? அதிலும் ஏன் இவர்?

அதற்கு விடை தேடினால் டெக்சாஸுக்குப் போக வேண்டும். 1949 ஜனவரியில் மார்ஷல் என்ற ஊரில் பிறந்து, ஹூஸ்டன் நகரின் ஐந்தாம் வட்டத்தில் பசியோடு வளர்ந்தவர் அவர். அம்மா எப்போதாவது கொண்டுவரும் ஒரே ஹாம்பர்கரைப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் துண்டு போட்டுப் பங்கிட்டதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டு, தெருவில் வழிப்பறி செய்துகொண்டிருந்த அந்த இளைஞரை மீட்டது அமெரிக்க அரசு ஏழை இளைஞர்களுக்காகத் தொடங்கிய ‘ஜாப் கோர்’ என்ற தொழிற்பயிற்சித் திட்டம். அங்கேதான் அவர் கையில் குத்துச்சண்டைக் கையுறை ஏறியது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, குத்துச்சண்டை வளையத்துக்குள் ஒரு சின்னஞ்சிறு அமெரிக்கக் கொடியை அசைத்தபோது அவருக்கு வயது 19.

1973 ஜனவரி 22 அன்று, ஜமைக்காவின் கிங்ஸ்டனில், அதுவரை தோல்வியே காணாத ஜோ ஃப்ரேசியரை இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் வீழ்த்தி உலகப் பட்டத்தைப் பறித்தார். அந்தச் சண்டையின் பதிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஃபோர்மனுடைய குத்துகளில் நளினம் கிடையாது. எதிராளியை இரு கைகளாலும் தள்ளி, தூரத்தைச் சரிசெய்துகொண்டு, கீழிருந்து மேலாகத் தூக்கி அடிப்பார். ஒரு குத்தில் ஃப்ரேசியரின் கால்களே தரையை விட்டு எழும்புகின்றன.

அப்போதைய ஃபோர்மன் முகத்தில் சிரிப்பைப் பார்க்க முடியாது. பத்திரிகையாளர்களிடம் பேச மாட்டார், பேசினால் முறைப்பார். 1974 அக்டோபர் 30 அன்று, இன்று காங்கோ என்று அழைக்கப்படும் அன்றைய ஜயரின் கின்ஷாசா நகரில் முகமது அலியை அவர் எதிர்கொண்டபோது, அரங்கம் முழுவதும் அலியின் பக்கம் நின்றது. 40 சண்டைகளில் 40 வெற்றிகள், அவற்றில் 37 நாக் அவுட் (எதிராளி தொடர முடியாதபடி அடித்து வெல்வது) என்ற கணக்கோடு வந்தவரை, கயிற்றில் சாய்ந்துகொண்டே அடி வாங்கிக் களைக்க வைத்து, எட்டாவது சுற்றில் அலி வீழ்த்தினார். அந்தக் காலத்து ஃபோர்மனின் பெயரை ஒட்டி ஒரு சமையல் கருவியை விற்க யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நினைத்திருந்தாலும் அதை வாங்க ஆள் இருந்திருக்காது.

எல்லாவற்றையும் மாற்றியது 1977 மார்ச் மாதத்தில், போர்ட்டோ ரீக்கோவின் சான் ஹுவானில், ஜிம்மி யங்கிடம் தோற்ற இரவு. வெப்பத்தில் களைத்து உடை மாற்றும் அறைக்குத் திரும்பிய அவர், தான் செத்துப் பிழைத்ததாகவும் அங்கே கடவுளைக் கண்டதாகவும் சொன்னார். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அதன் பின் அவர் செய்தவற்றை யாரும் மறுக்க முடியாது. பத்தாண்டுகள் கையுறையைத் தொடவில்லை. தெருமுனைகளில் நின்று போதித்தார்; ஹூஸ்டனில் ஒரு சிறிய தேவாலயத்தின் போதகரானார்; 1984இல் இளைஞர்களுக்காக ஒரு மையம் திறந்தார். அந்த மையத்தை நடத்தப் பணம் தேவைப்பட்டதுதான் 1987இல் அவர் மீண்டும் வளையத்துக்குத் திரும்பியதற்கு முக்கியக் காரணம்.

திரும்பி வந்தவர் வேறு மனிதர். தலை மழித்து, உடல் பருத்து, முகம் நிறையச் சிரிப்போடு வந்தார். எடையைப் பற்றிக் கேலி செய்தவர்களை முந்திக்கொண்டு, தனக்கு சீஸ்பர்கர் மேல் இருக்கும் ஆசையைத் தானே பேசிச் சிரிக்க வைத்தார். பட்டினியில் வளர்ந்த பையன் ஹாம்பர்கரைப் பற்றி வாய் ஓயாமல் பேசியதில் நடிப்பு இருந்ததாக நான் நினைக்கவில்லை. அதனால்தான், கொழுப்பை வடித்துவிட்டு ஹாம்பர்கரைச் சுட்டுத் தரும் ஒரு கருவியை அவர் தொலைக்காட்சியில் கையில் ஏந்தி நின்றபோது மக்கள் நம்பினார்கள். சாப்பாட்டின் மேல் உண்மையான பிரியம் கொண்ட ஒருவர் பேசுகிறார் என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்தது.

1991இல், 42 வயதில், இவாண்டர் ஹோலிஃபீல்டோடு பன்னிரண்டு சுற்றுகள் நின்று புள்ளிக் கணக்கில் தோற்றார். சுற்றுகளுக்கு இடையே அவர் முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். பட்டத்துக்கான அடுத்த பெரிய வாய்ப்பு 1994 நவம்பர் 5 அன்று லாஸ் வேகாஸில், 26 வயது மைக்கேல் மூரருக்கு எதிராக வந்தது. கின்ஷாசாவில் அணிந்த அதே சிவப்புக் கால்சட்டையை அணிந்து வந்தார். அன்று அலியின் மூலையில் நின்ற பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ இம்முறை ஃபோர்மனின் மூலையில் நின்றார். ஒன்பது சுற்றுகள் முடிந்தபோது மூன்று நடுவர்களின் மதிப்பெண் அட்டைகளிலும் ஃபோர்மன் பின்தங்கியிருந்தார். பத்தாவது சுற்றில் வந்தது அந்த வலக்கைக் குத்து. பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், அது ஒரு அடி தூரம்கூடப் பயணித்திருக்காது என்று தோன்றும். தாடையில் நேராக இறங்கியது; மூரர் மல்லாந்து விழுந்தார்; அவர் எழுவதற்குள் பத்து எண்ணி முடிந்தது. ஃபோர்மன் தன் மூலைக்குப் போய் மண்டியிட்டுத் தலை குனிந்தார். வயது 45. அதுவரை அந்த வயதில் எவரும் உலக ஹெவிவெயிட் பட்டத்தை வென்றதில்லை.

அதன் பின் நடந்த சண்டைகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. 1997இல் ஷானன் பிரிக்ஸிடம் பலரும் ஏற்காத ஒரு தீர்ப்பில் தோற்று விடைபெற்றார். மொத்தக் கணக்கு 81 சண்டைகள், 76 வெற்றிகள், அவற்றில் 68 நாக் அவுட். 1999இல் அவருடைய பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமைக்காகச் சால்டன் நிறுவனம் கொடுக்க ஒப்புக்கொண்ட தொகை 13.75 கோடி டாலர். குத்துச்சண்டையில் ஈட்டியதைவிட இந்தக் கிரிலில் அவர் ஈட்டியது அதிகம். 2025 மார்ச் 21 அன்று, 76 வயதில் காலமானார்.

இனி, வாங்க நினைப்பவர்களுக்கு. மெல்லிய துண்டுகளுக்கு இந்தக் கருவியை நான் மனமாரப் பரிந்துரைக்கிறேன். இரு பக்கமும் ஒரே நேரத்தில் வேகுவதால் புரட்டிப் போடும் வேலை இல்லை. ஒருவர் இருவர் சாப்பிடும் வீட்டில் வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு இது பெரிய உதவி. கொத்துக்கறி, மீன் துண்டு, கத்தரிக்காய், குடைமிளகாய், சீஸ் வைத்த ரொட்டி எல்லாம் நன்றாக வருகின்றன. ஆனால் கனத்த இறைச்சித் துண்டுக்கு இது ஏற்றதன்று. மூடிய தகடுகளுக்கு நடுவே நீராவி அடைபடுவதால், கரி அடுப்பில் வரும் மொறுமொறுப்பும் புகைமணமும் வராது. வரிவரியான தழும்பைப் பார்த்துச் சுவையும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கொழுப்பைக் குறைக்கும் என்ற விளம்பரத்தையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கொழுப்பு மிகுந்த கொத்துக்கறியில் அது கண்கூடான உண்மை. கோழியின் நெஞ்சுக்கறியிலோ வடிய வேண்டிய கொழுப்பே குறைவு. அங்கே தட்டில் இறங்குவது பெரும்பாலும் இறைச்சியின் சாறு. முதல் வாரத்தில் நான் இது தெரியாமல் நேரத்தை நீட்டி, கோழியை அட்டையைப் போல உலர்த்திவிட்டேன். இப்போது ஒரே கனமாகத் தட்டி, ஐந்து நிமிடம் கருவியைச் சூடேற்றிய பிறகு வைக்கிறேன். உள்ளே வெப்பமானியைச் செருகி 165 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியதும் எடுத்துவிடுகிறேன். மேல் மூடியைக் கையால் அழுத்தும் ஆசை எல்லோருக்கும் வரும், அழுத்தக் கூடாது.

மாதிரிகளில், தகடுகளைக் கழற்றிக் கழுவக்கூடியதையே வாங்குங்கள். தகடுகள் நிலையாகப் பொருத்தப்பட்ட மாதிரிகளைத் தண்ணீரில் முக்க முடியாது என்பதால் துடைத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கும் ஒரு வழி உண்டு. பிளக்கைக் கழற்றி, தகடுகள் வெதுவெதுப்பாக இருக்கும்போதே நனைத்த காகிதத் துண்டுகளை நடுவில் வைத்து மூடிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். எழுந்து வரும்போது ஒட்டியிருந்தவை நீராவியில் இளகியிருக்கும். பூச்சு உரியாமல் இருக்க, உடன் வரும் பிளாஸ்டிக் கரண்டியைத் தவிர வேறு எதையும் அந்த வரிகளில் ஓட்ட வேண்டாம். சொட்டுத் தட்டில் இருப்பதைச் சூடாகத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். உறைந்த பின் வழித்துக் குப்பையில் போடுங்கள்.