வெள்ளத்தில் மூழ்கிய காரை எங்கள் தலையில் கட்டினார்கள்: பழைய எஸ்.யூ.வி. வாங்குபவர்கள் கவனத்துக்கு

பழைய கார் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாகச் சென்னைப் பதிவெண் உள்ள சின்ன எஸ்.யூ.வி. ஒன்றைப் பார்த்து வைத்திருப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மூழ்கி, இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் (முழு இழப்பு) என்று கணக்கு முடித்த ஒரு வண்டியைக் கழுவித் துடைத்து, 'சிங்கிள் ஓனர், கம்மி ஓட்டம்' என்று சொல்லி எங்களுக்கு 7.85 லட்சத்துக்கு விற்றிருக்கிறார்கள். வழக்கு நடப்பதால் விற்றவர்களின் பெயரை எழுதவில்லை. மாடல் பெயரையும் தவிர்க்கிறேன், ஏனென்றால் வண்டியைத் தயாரித்த கம்பெனி மேல் எந்தக் குறையும் இல்லை.

நாங்கள் மதுரை. மாமியாருக்கு முழங்கால் வலி. பழைய ஹேட்ச்பேக்கில் குனிந்து உட்காரவும் எழுந்திருக்கவும் ரொம்பச் சிரமப்பட்டார். கொஞ்சம் உயரமான சீட், பின்னால் இரண்டு பிள்ளைகளோடு அவரும் உட்கார இடம், இவ்வளவுதான் எங்கள் தேவை. வென்யூ, நெக்ஸான், சோனெட் என்று நான்கு மீட்டருக்கு உட்பட்ட வண்டிகளாகப் பார்த்தோம். 2024இல் அந்த அளவு பெட்ரோல் வண்டிக்கே ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 29 சதவீதம். எங்களுக்குப் பிடித்த வேரியன்ட் ஆன்ரோடு 11 லட்சத்தைத் தாண்டியது. கையில் இருந்தது 8 லட்சம். லோன் வேண்டாம் என்று முடிவு செய்து பழைய வண்டி பக்கம் திரும்பினோம். (2025 செப்டம்பர் 22 முதல் இந்த வண்டிகளுக்கு வரி 18 சதவீதமாகிவிட்டது. இப்போது வாங்குபவர்கள் புது வண்டியின் விலையையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது. இடைவெளி முன்பு போல இல்லை.)

கோவையில் ஒரு பெரிய யூஸ்டு கார் ஷோரூமில் அந்த வண்டி இருந்தது. 2021 மாடல், 21,000 கிலோமீட்டர். 'ஓனர் ஐ.டி. கம்பெனியில இருக்கார் மேடம், ஒர்க் ஃப்ரம் ஹோம். வண்டி வெளியவே எடுக்கல' என்றார் விற்பனையாளர். தெரிந்த மெக்கானிக்கை மதுரையிலிருந்து கூட்டிப் போயிருந்தோம். பானெட் திறந்து பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், கதவு ஓரத்து ரப்பரை இழுத்து வெல்டிங் புள்ளிகளைப் பார்த்தார், பெயின்ட் கனத்தை மீட்டர் வைத்து அளந்தார். எல்லாம் ஒரிஜினல். நெடுஞ்சாலையில் ஓட்டியும் பார்த்தார். இன்ஜின், கியர், சஸ்பென்ஷன் எதிலும் குறையில்லை. விலையும் சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இல்லை, மார்க்கெட் விலையைவிடச் சற்றுக் கீழே, அவ்வளவுதான்.

இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டும். பழைய வண்டியைச் சோதிக்கும்போது நம் ஊரில் தேடுவது விபத்துத் தடயத்தை. எங்கே தட்டியிருக்கிறார்கள், எங்கே பெயின்ட் அடித்திருக்கிறார்கள், சேஸிஸ் வளைந்திருக்கிறதா என்று. வெள்ளத்தில் நின்ற வண்டியில் இது எதுவுமே இருக்காது. பாடி அப்படியே இருக்கும். ஆறேழு மாதம் ஓடாமல் நின்றதால் கிலோமீட்டரும் உண்மையிலேயே குறைவாக இருக்கும், மீட்டரைத் திருத்த வேண்டிய தேவையே இல்லை. விபத்தைத் தேடுபவர் கண்ணுக்கு இதைவிடச் சுத்தமான வண்டி கிடைக்காது.

முதலில் வந்தது வாசனை. ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்தால் ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போல ஒரு நாற்றம். ஷோரூமில் காட்டும்போது டேஷ்போர்டில் இரண்டு பெர்ஃப்யூம் டப்பா ஒட்டியிருந்தது. ஏசி ஃபில்டர் மாற்றினோம், போகவில்லை. அப்புறம் பின்பக்க இடது கண்ணாடி தானாக இறங்கியது. ரிவர்ஸ் கேமரா வருவதும் போவதுமாக இருந்தது. ஷோரூமுக்கு போன் செய்தால், 'வாரண்டி இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும்தான் மேடம், எலக்ட்ரிக்கல் கவர் ஆகாது' என்றார்கள். அவர்கள் கொடுத்த 200 அம்சச் சோதனைச் சான்றிதழின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அது இருந்தது. அந்த 200 அம்சங்களில் வெள்ளச் சேதம் என்ற ஒரு வரி கிடையாது.

நவம்பர் மழையில் திண்டுக்கல் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது டேஷ்போர்டில் இருந்த எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் எரிந்தது. உடனே பவர் ஸ்டீயரிங் இறுகிப்போனது. என் கணவர் இரண்டு கையாலும் மல்லுக்கட்டித்தான் வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இரண்டு பேரும் உள்ளே.

மதுரையில் ஒரு அனுபவசாலியான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கட்டி இழுத்துப் போனோம். அவர் ஸ்கேனரை மாட்டுவதற்கு முன்னால் டிரைவர் பக்கக் கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டைத் தூக்கினார். மேலே ஷாம்பு போட்டுக் கழுவிய புது கார்பெட் மாதிரி இருந்தது. அடியில் உள்ள பஞ்சு கறுத்து, விரலால் தேய்த்தால் காய்ந்த வண்டல் மாவு போல உதிர்ந்தது. பக்கவாட்டு பிளாஸ்டிக்கைக் கழற்றி ஒரு ஒயரிங் கனெக்டரைப் பிரித்துக் காட்டினார். பித்தளைப் பின்கள் அத்தனையும் பச்சை பூத்துப்போயிருந்தன. ஒரு பின் தொட்டதும் ஒடிந்து கையோடு வந்தது. பிறகு பின்சீட்டின் நடு பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை வெளியே இழுத்தார். யாரும் தொடாத அந்தக் கடைசி முழத்தில் பழுப்பு நிறத்தில் நேர்க்கோடு போட்டது போல ஒரு தண்ணீர்க் கறை.

'அக்கா, இது மெட்ராஸ் தண்ணி வண்டி' என்றார். அந்த வெள்ளத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட வண்டிகள் தென்மாவட்டங்களுக்கு வந்துகொண்டே இருந்தன என்று அவர் சொன்னார்.

ஹேண்ட்பிரேக் பக்கம் கன்சோலுக்கு அடியில் ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் இருக்கிறது. நிறைய வண்டிகளில் இது தரையோடு ஒட்டியே இருக்கும் என்பதால் உள்ளே தண்ணீர் வந்தால் முதலில் நனைவது இதுதான். எங்கள் வண்டியில் அதன் கனெக்டரிலும் அதே பச்சை. அதாவது, மோதல் நடந்தால் ஏர்பேக் விரியுமா என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லாத வண்டியில் நான் என் பிள்ளைகளை ஸ்கூலுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். பணம் போனதைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

இனி ஆவணங்கள். கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போய் ஆர்.சி.யைக் காட்டி பழைய சர்வீஸ் விவரம் கேட்டோம். இப்போது என் கணவர் பெயரில் ஆர்.சி. இருப்பதால் கொடுத்தார்கள். திரையில் இருந்த கடைசிப் பதிவைப் படித்ததும் அங்கிருந்த சர்வீஸ் அட்வைசரின் முகம் மாறிவிட்டது. 2023 டிசம்பர், சென்னை. டோ செய்து வந்த வண்டி. தண்ணீர் அளவு டேஷ்போர்டு வரை. எஸ்டிமேட் போடப்பட்டது, ரிப்பேர் செய்யப்படவில்லை. டோ வண்டியிலேயே வெளியே போனது.

முதல் உரிமையாளரின் நம்பரையும் எப்படியோ தேடிப் பிடித்தோம். நல்ல மனிதர். 'அந்த வண்டியா? அது தண்ணியில போயிடுச்சேம்மா! இன்சூரன்ஸ்ல டோட்டல் லாஸ் குடுத்துட்டாங்களே. அதையா ஓட்டிட்டிருக்கீங்க?' என்று பதறிவிட்டார். வீடு பள்ளிக்கரணைப் பக்கம். தரைத்தள பார்க்கிங்கில் நின்ற வண்டி. இன்சூரன்ஸ் பணம் வந்ததும் சாவியையும் கையெழுத்துப் போட்ட மாற்றல் படிவங்களையும் கொடுத்ததோடு சரி, அது திரும்ப ரோட்டில் ஓடும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

இது எப்படி நடக்கிறது என்றால், ரிப்பேர் செலவு வண்டியின் ஐ.டி.வி.யில் (பாலிசியில் குறித்திருக்கும் வண்டி மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி அதை டோட்டல் லாஸாக எடுத்துக்கொண்டு உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிடும். மிச்சமிருக்கும் வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுத்தவர் அதை உடைத்து உதிரி பாகமாக விற்கலாம், அல்லது காயவைத்து, கழுவி, ஓடவைத்து முழு வண்டியாக விற்கலாம். இரண்டாவதில்தான் பணம் அதிகம். பதிவு ரத்தாகாமல் போன வண்டி என்றால் ஆர்.சி.யில் ஒரு கீறல் கூட இருக்காது. எங்கள் வண்டியை எம்பரிவாகன் என்ற அரசு வாகன விவர ஆப்பில் பார்த்தால் 'ஆக்டிவ்' என்றுதான் வந்தது. கடன் இல்லை, செலான் இல்லை, பிளாக்லிஸ்ட் இல்லை. ஏலம் எடுத்து விற்பதையே நான் தவறு என்று சொல்லவில்லை. 'இது தண்ணீரில் நின்ற வண்டி, அதனால் இந்த விலை' என்று சொல்லி விற்கட்டும். மறைத்து முழு விலைக்கு விற்பது பச்சை மோசடி, அதுவும் உயிரோடு விளையாடும் மோசடி.

உண்மை மூன்று இடங்களில்தான் ஒளிந்திருக்கிறது: சர்வீஸ் சென்டர் கணினியில், பழைய இன்சூரன்ஸ் பாலிசியில், கார்பெட்டுக்கு அடியில். சர்வீஸ் விவரத்தை சென்டரில் உரிமையாளருக்குத்தான் தருவார்கள் என்பதால், விற்பவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஸ்டாம்ப் போட்ட புத்தகம் போதாது, கம்பெனி கணினியிலிருந்து அச்செடுத்தது வேண்டும். 'தர முடியாது', 'வெளியில் சர்வீஸ் செய்தார்' என்றால் வந்துவிடுங்கள். மூன்று வயது வண்டியை வாரண்டி இருக்கும்போது வெளியே சர்வீஸ் விடுபவர்கள் குறைவு.

பாலிசியில் பார்க்க வேண்டியது என்.சி.பி., அதாவது கிளெய்ம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. கிளெய்ம் இல்லாமல் ஒரு வருடம் போனால் 20 சதவீதம், அடுத்து 25, 35, 45, 50 என்று ஏறும். அது வண்டியோடு வராது, உரிமையாளரோடு போய்விடும். அதனால் ஷோரூம் உங்களுக்குப் போட்டுத் தரும் புதுப் பாலிசியில் பூஜ்யம் இருப்பது இயல்பு, அதை வைத்து எதுவும் தெரியாது. பழைய உரிமையாளர் பெயரில் இருந்த கடைசிப் பாலிசியைக் கேளுங்கள். 2021 வண்டிக்கு எந்தக் கிளெய்மும் இல்லையென்றால் 2024 புதுப்பித்தலில் 35 வந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம் தேதிகள். எங்கள் வண்டிக்கு 2023 டிசம்பருக்குப் பிறகு 2024 ஜூலை வரை பாலிசி இல்லை, புகைச் சான்று இல்லை, சர்வீஸ் இல்லை. ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு இப்படி ஒரு மாதக்கணக்கான ஓட்டை விழாது. மிக்ஜாம் மட்டும் கணக்கில்லை. அதே டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கமும் வெள்ளம் வந்தது. அந்த ஊர் வண்டிகளுக்கும் இதே சோதனை வேண்டும்.

வண்டியில் கை வைத்துப் பார்க்க வேண்டியவற்றை மேலே சொல்லிவிட்டேன். கூடவே சீட்டின் தண்டவாள போல்ட்டுகளில் ஸ்பானர் தடம் இருக்கிறதா, ஸ்டெப்னி குழியின் மூலையில் வண்டல் இருக்கிறதா, ஹெட்லைட்டுக்குள் நீர் கோத்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் ஏதோ கைவேலை நடந்திருக்கிறது. மெக்கானிக்கோடு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனையும் கூட்டிப் போங்கள். கார்பெட்டைத் தூக்க விடமாட்டேன் என்று சொல்லும் இடத்தில் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பழைய வாகன வியாபாரிகளுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. அதையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

சர்வீஸ் சென்டர் கொடுத்த எஸ்டிமேட் 3 லட்சத்துக்கு மேல், அதுவும் 'பிரிக்கப் பிரிக்கக் கூடும்' என்ற குறிப்போடு. ஷோரூமில் போய்க் கேட்டபோது, 'பார்த்து ஓட்டித்தானே எடுத்தீங்க, கையெழுத்தும் போட்டிருக்கீங்க' என்றார்கள். டெலிவரி நோட்டில் ஆங்கிலத்தில் 'உள்ளது உள்ளபடியே ஏற்றுக்கொள்கிறேன்' என்று ஒரு வரி இருந்தது. மறைத்து விற்றதற்கு அந்த வரி கவசம் ஆகாது என்பது எங்கள் வக்கீலின் வாதம். பிறகு 4.5 லட்சத்துக்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஆள் அனுப்பினார்கள். மறுத்துவிட்டோம். அதே வண்டி இன்னொரு குடும்பத்துக்குப் போகும் என்று தெரிந்தே கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்போது மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு இருக்கிறது. வாங்கியது கோவையில் என்றாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், இது பலருக்குத் தெரிவதில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். 5 முதல் 10 லட்சம் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் புகார் பதிவு செய்யலாம். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 318ஆம் பிரிவில் காவல் நிலையத்திலும் மோசடிப் புகார் கொடுத்திருக்கிறோம்.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் கோபத்தில் வண்டியை உடனே ரிப்பேருக்கு விட்டுவிடாதீர்கள். கனெக்டரை மாற்றி, கார்பெட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால் சாட்சியும் அதோடு போய்விடும். பிரித்த நிலையிலேயே தேதியோடு படமும் வீடியோவும் எடுங்கள். சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டு, பழைய பதிவின் அச்சு, எஸ்டிமேட் மூன்றையும் முத்திரையோடு வாங்குங்கள். முதல் உரிமையாளர் கிடைத்தால், வண்டி எப்போது மூழ்கியது, எந்தத் தேதியில் கிளெய்ம் முடிந்தது என்று ஒரு கடிதம் கேளுங்கள். எங்களுக்கு அவர் கிளெய்ம் செட்டில்மென்ட் தாளின் நகலையே அனுப்பி வைத்தார். அது கைக்கு வந்த பிறகுதான் வக்கீல் நோட்டீஸை அனுப்பினார்.