பாட்டிலா, நல்ல பெட்ரோலா, கழற்றிச் சுத்தம் செய்வதா?

எந்த எஞ்சின் கிளீனர் நல்லது என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் எஞ்சினில் பெட்ரோல் எந்த இடத்தில் பீய்ச்சுகிறது?

போர்ட் இன்ஜெக்‌ஷன், அதாவது சிலிண்டருக்கு வெளியே காற்று வரும் வழியில் பீய்ச்சும் வகை என்றால், இன்டேக் வால்வின் (காற்றை உள்ளே விடும் வால்வு) பின்பக்கம்தான் பெட்ரோல் படும். அங்கே கார்பன் கசடு கூடிவிட்டால், அது பஞ்சு மாதிரி பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி திக்குவது அதனாலும் இருக்கலாம். இந்த வகைக்கு, பெட்ரோல் டாங்கில் ஊற்றும் பாட்டில் கிளீனர் உண்மையாகவே உதவும். அதில் இருக்கும் சுத்தம் செய்யும் பொருள்களில் பி.ஐ.பி.ஏ., அதாவது பாலிஐசோபியூட்டிலீன் அமீன், மலிவு, வால்வையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பிஸ்டன் தலையில் அதுவே கசடாகப் படிய வாய்ப்புண்டு. பி.இ.ஏ., அதாவது பாலிஈதர் அமீன், சூட்டைத் தாங்கும். இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் குழல்), வால்வு, எரியறை மூன்றிலும் வேலை செய்யும். விலை கூடுதல்தான், என் ஓட்டு இதற்கே. ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்பு ஊற்றுங்கள். கிளீனர் கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலில் இறங்கும். லேபிளில் 'சக்திவாய்ந்த ஃபார்முலா' என்று மட்டும் போட்டிருந்தால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

டிடர்ஜென்ட் (கசடு சேராமல் காக்கும் பொருள்) கூடுதலாகக் கலந்த பெட்ரோலையே எப்போதும் போடுகிறவருக்குப் பாட்டில் அவ்வளவாகத் தேவைப்படாது. அமெரிக்காவில் 1995 முதல் பெட்ரோலில் குறைந்தபட்ச டிடர்ஜென்ட் கட்டாயம். அது போதாது என்று பி.எம்.டபிள்யூ., ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா சேர்ந்து 2004-இல், டிடர்ஜென்ட் கூடுதலாக வேண்டும் என்கிற 'டாப் டியர்' தரத்தைக் கொண்டுவந்தன.

டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் கதையே வேறு. பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது, வால்வைத் தொடுவதே இல்லை. டாங்கில் எதை ஊற்றினாலும் இன்ஜெக்டர் நுனிக்கும் எரியறைக்கும்தான் பலன். நெருப்புக்கு நடுவே இருக்கும் அந்த நுண்துளைகளுக்கு அது தேவைதான். வால்வில் ஒட்டுவதோ கிராங்க்கேஸிலிருந்து (எஞ்சினின் அடிப்பகுதி) வரும் ஆயில் ஆவி. அதை எடுக்க இன்டேக் மேனிஃபோல்டை (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த்தொகுதி) கழற்றி, அந்த சிலிண்டரின் வால்வு மூடியிருக்கும்படி எஞ்சினைச் சுற்றி நிறுத்தி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்து, வாக்குவம் வைத்து உறிஞ்ச வேண்டும். கூலி அதிகம், ஆனால் கசடு போனதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு வகை இன்ஜெக்டரும் உள்ள எஞ்சின்காரர்களுக்கு, வால்விலும் பெட்ரோல் படுவதால், இந்தத் தலைவலி குறைவு.

ஆக்டேன் பூஸ்டரை (பெட்ரோலின் ஆக்டேன் எண்ணைக் கூட்ட ஊற்றுவது) கிளீனர் கணக்கில் சேர்க்காதீர்கள். மாங்கனீசு, இரும்புச் சேர்மம் உள்ளவை ஸ்பார்க் பிளக்கில் செம்பழுப்பாகப் படியும்.

அப்புறம், வண்டி ஏற்கெனவே திணறுகிறது என்றால் பாட்டிலுக்கு முன் ஸ்கேனர் (எஞ்சின் கம்ப்யூட்டரின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) போட்டுப் பாருங்கள். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் பழுதானாலும் இதே திணறல்தான் வரும்.