சேலத்தில் நசுங்கிய ரிம்மைச் சரிசெய்த அனுபவம்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்குச் சேலம் வந்து ஏற்காட்டு மலைப்பாதையில் சைக்கிள் மிதிக்க ஆசைப்படுகிறவர்கள், பஞ்சரைவிட ரிம் நசுங்குவதைப் பற்றித்தான் கூடுதலாக யோசித்து வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. பஞ்சர் ஒட்ட அடிவாரத்திலும் மேலே ஒண்டிக்கடைப் பக்கத்திலும் விசாரித்தால் ஆள் கிடைத்துவிடுவார். நசுங்கிய அலுமினிய ரிம்மைப் பக்குவமாகக் கையாளத் தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நான் ஓட்டியது அண்ணன் மகனுடைய ஹைபிரிட் சைக்கிள். 700சி என்ற சக்கர அளவு, அலுமினிய ரிம், ரிம்மின் இருபுறமும் கட்டைகள் அழுத்தி நிறுத்தும் வி-பிரேக். கோரிமேடு வழியாக ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தபடியேதான் வர வேண்டும்; பிரேக் பிடிக்கப் பிடிக்க உடலின் பாரமெல்லாம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஏறி வந்த பேருந்துக்கு நான் ஒதுங்கியபோது, மழைநீர் அரித்துப் பெயர்த்திருந்த தார் ஓரத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. டியூப் ரிம்முக்கடியில் நசுங்கி, அருகருகே இரண்டு ஓட்டைகள் விழுந்தன. அது ஒட்டினால் தீர்ந்துவிடும் விஷயம். ஆனால் ரிம்மின் இடது விளிம்பு கட்டைவிரல் அகலத்துக்கு அமுங்கி வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்ததோடு, சக்கரமும் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பிதுக்கம் பிரேக் கட்டையில் வந்து இடித்ததால், பிரேக்கைத் தொட்டாலே வண்டி வெடுக் வெடுக்கென்று இழுத்தது. மலை இறக்கத்தில் முன்பிரேக் இப்படி இழுப்பது ஆபத்து.

ஊருக்குள் வந்ததும் முதலில் சென்றது கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய ஷோரூமுக்கு. ரிம்மை அவர்கள் சரிசெய்வதில்லையாம். சக்கரத்தையே மாற்ற வேண்டுமாம். அதுவும் வெளியூரிலிருந்து வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகுமாம். டயரைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. அவர்கள் சொன்னதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். நான் வசிக்கும் ஜெர்மனியிலும் அலுமினிய ரிம்மின் விளிம்பு நசுங்கினால் பெரும்பாலும் புது ரிம் போடத்தான் சொல்வார்கள். அலுமினியம் ஒருமுறை வளைந்து, அதை மறுபடியும் நிமிர்த்தினால், அந்த இடம் வலுவிழந்துவிடும், கீறலும் விடலாம். ஆனால் அந்தக் காரணத்தைச் சொல்லி மறுப்பதும், பார்க்காமலே மறுப்பதும் ஒன்றல்ல.

பிறகு செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில், தகரக் கூரையின்கீழ் நடக்கும் பழைய சைக்கிள் கடைக்கு அண்ணன் அழைத்துப் போனார். கடைக்காரருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். டயரையும் டியூபையும் உருவி, ரிம்மைத் துணியால் துடைத்து, அமுங்கிய இடத்தின் உள்ளும் புறமும் நகத்தால் மெல்ல வருடிப் பார்த்தார். கண்ணுக்குத் தப்பும் கீறல் நகத்தில் தட்டும் என்பது அவர் கணக்கு. கீறல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினார்.

“இரும்பு ரிம்முன்னா அடிச்சுப் படிய வெச்சிடுவேனுங்க. இது அலுமினியம், சுத்தியில தொடக்கூடாது. பாதிக்கு மேல வரும், முழுசா வராதுங்க. பரவால்லீங்களா?”

“பரவாயில்லைங்க அண்ணா, பிரேக்ல இடிக்காம இருந்தாப் போதும்,” என்றேன்.

ரிம்மைப் பலகைமேல் படுக்க வைத்து, திருகு ஸ்பேனரின் வாயில் பழைய டியூப் துண்டைச் சுற்றி விளிம்பைக் கவ்வினார். ஒரே இழுப்பில் நிமிர்த்தாமல், பிதுக்கத்தின் இரு ஓரங்களிலிருந்து நடுப்பகுதியை நோக்கி, கையை எடுத்து எடுத்துச் சிறிது சிறிதாக உள்ளே வளைத்தார். ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டார். இன்னும் லேசான பள்ளம் தெரிந்தது. அதற்குமேல் போனால் ரிம்மில் விரிசல் விழுந்துவிடும் என்றார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த அந்த நிதானத்துக்கே நான் காசு கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து பெண்டு எடுத்தார், அதாவது சக்கரத்தின் பக்கவாட்டு ஆட்டத்தைச் சரிசெய்தார். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கில் சக்கரத்தை மாட்டி, சாக்பீஸை ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிவிட்டார். ரிம் ஒதுங்கும் இடங்களில் மட்டும் வெள்ளைக்கோடு விழுந்தது. இடப்பக்கம் ஒதுங்கினால், அந்த இடத்தில் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் ஸ்போக்ஸ் கம்பிகளை முறுக்கி, இடப்பக்கக் கம்பிகளைத் தளர்த்த வேண்டும். கம்பிகளை ரிம்மோடு பிணைக்கும் நிப்பிள் என்ற சிறு திருகுகளில் துளித்துளியாக மண்ணெண்ணெய் விட்டு, கால் சுற்றுக்குமேல் எதையும் திருகாமல், திருகிய பிறகு கம்பிகளை விரலால் சுண்டி ஓசை கேட்டுக்கொண்டே போனார். மந்தமாக ஒலித்த கம்பி தளர்ந்த கம்பி. சாக்பீஸ் எங்கும் படாமல் சக்கரம் சுற்ற முக்கால் மணி நேரம் ஆனது. கூலி 200 ரூபாய்.

இந்தக் கடைகளில் கை ஓயாததற்கு ஒரு காரணம், 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா சைக்கிள்கள் என்று நினைக்கிறேன். என் சக்கரத்துக்கு முன்னால் வரிசையில் நின்றவை பெரும்பாலும் அவைதாம். அவற்றுக்கும் பழைய கறுப்பு சைக்கிள்களுக்கும் வேண்டிய இரும்பு ரிம்மும் கம்பியும் கடையிலேயே தொங்குகின்றன. ஹைபிரிட் வண்டிக்கு உடனே எதுவும் கிடைக்காது.

வெளிநாட்டிலிருந்து டயரோ ரிம்மோ வாங்கி வருகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஜெர்மனியில் 28 அங்குலம் என்று விற்கும் டயர் பெரும்பாலும் 700சி அளவுதான். டயர் அமரும் விட்டம் 622 மில்லிமீட்டர். நம்மூர்ப் பழைய 28 அங்குலச் சக்கரத்தில் அந்த விட்டம் 635 மில்லிமீட்டர். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒன்றில் மற்றது ஏறாது. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல் அச்சிட்டிருக்கும் இரண்டாவது எண்ணைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. 29 அங்குல மலை சைக்கிளின் விட்டமும் அதே 622தான் என்பதால், டயரின் அகலம் ரிம்முக்கும் ஃபோர்க்குக்கும் பொருந்துகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சரிசெய்த சக்கரம் ஊருக்குள் ஓட்ட நன்றாகவே இருக்கிறது. முன்பிரேக்கை அழுத்தினால் மிக லேசான துடிப்பு மட்டும் தெரிகிறது. மலைக்கு இதில் போகக்கூடாது என்று கடைக்காரரே கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஏற்காட்டுக்கென்று புது முன்சக்கரம் ஒன்றை ஆர்டர் செய்திருக்கிறோம். டிஸ்க் பிரேக் வண்டியாக இருந்திருந்தால் இந்த ஆட்டம் பிரேக்கைப் பாதித்திருக்காது, ஆனால் விளிம்பின் வலு குறைந்ததில் மாற்றமில்லை. கார்பன் ரிம் வைத்திருப்பவர்கள் இப்படிப்பட்ட வேலைக்கு எங்கும் கொடுக்க வேண்டாம். அதை வளைத்து நிமிர்த்த முடியாது.

பெண்டு எடுத்த சக்கரத்தில் கம்பிகள் சில நாள் ஓட்டத்தில் படிந்து தளரும் என்பதால் மறுபடியும் ஒருமுறை காட்ட வேண்டும். அதற்கு முற்பகலில் போவது நல்லது. நான்கு மணிக்குப் பள்ளி விட்டால் கடை வாசலில் நிற்க இடமிருக்காது.